4கே டிவி வாங்கலாமா? கடையில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்கிறவர்களுக்காக

சொந்தக்காரர்களில் யார் டிவி வாங்கப் போனாலும் ஷோரூமில் நின்றுகொண்டே எனக்குப் போன் அடிப்பது வழக்கமாகிவிட்டது. பின்னால் விற்பனைக்காரர் பேசிக்கொண்டே இருப்பார், இவர்கள் என்னிடம் கிசுகிசுப்பார்கள், நானும் எட்டாவது தடவையாக அதையே சொல்வேன். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் டிவி விற்கிறவனும் இல்லை, ரிப்பேர் பார்க்கிறவனும் இல்லை. அப்பாவுக்கு ஒரு டிவி வாங்கிக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவன், அவ்வளவுதான் தகுதி.

4கே, யுஎச்டி, அல்ட்ரா எச்டி எல்லாம் வேற வேறயா?

கடையில் இருக்கும் டிவியைப் பொறுத்தவரை மூன்றும் ஒன்றுதான். திரையில் குறுக்கே 3840 புள்ளி (பிக்சல்), நெடுக்கே 2160 புள்ளி, மொத்தம் கிட்டத்தட்ட 83 லட்சம். ஃபுல் எச்டி என்பது 1920-க்கு 1080, அதாவது சுமார் 21 லட்சம். ஆக நான்கு மடங்கு. 'எச்டி ரெடி' என்று 32 இன்ச்சில் விற்பது பெரும்பாலும் 1366-க்கு 768, பத்து லட்சம் சொச்சம். தியேட்டர்காரர்கள் சொல்லும் 4கே கொஞ்சம் அகலம், 4096 புள்ளி, அது நமக்கு வேண்டாம்.

சரி, என் வீட்டுக்கு 4கே தேவையா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லு.

முடியாது அத்தை. சோபாவிலிருந்து டிவி எத்தனை அடி, அந்த டிவிக்குள் என்ன போகப்போகிறது, இந்த இரண்டையும் சொன்னால் நான் சொல்கிறேன். பிராண்டு, ஆஃபர், இஎம்ஐ எல்லாம் அதற்கு அப்புறம்.

தூரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

எல்லாச் சம்பந்தமும் அங்கேதான் இருக்கிறது. கோலம் போட்ட புள்ளி வாசலில் குனிந்தால் தனித்தனியாகத் தெரியும், மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரியாது, கண் அப்படித்தான். பார்வை சரியாக உள்ள ஒருவரின் கண் பார்வைக் கோணத்தில் ஒரு டிகிரிக்குள் 60 புள்ளி வரை பிரித்துப் பார்க்கும் என்பதுதான் ரொம்ப காலமாக இருந்த கணக்கு. அதன்படி போட்டால், டிவியின் இன்ச்சை 0.13-ஆல் பெருக்கினால் வரும் அடிக்கணக்குக்குள் உட்கார்ந்தால்தான் ஃபுல் எச்டியின் புள்ளிகள் தெரிய ஆரம்பிக்கும், அதாவது 4கேவுக்கு வேலை இருக்கும். 43 இன்ச் என்றால் ஐந்தரை அடி, 55 இன்ச் என்றால் ஏழு அடி, 65-க்கு எட்டரை அடி.

இந்தக் கணக்கு கொஞ்சம் கஞ்சத்தனமானது என்று இப்போது தெரிகிறது. 2025 அக்டோபரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் மெட்டா நிறுவனமும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள், திரையை முன்னும் பின்னும் நகர்த்தி, கோடு தெரிகிறதா தெரியவில்லையா என்று ஆட்களிடமே கேட்டு அளந்த ஆய்வு. கறுப்பு வெள்ளைக் கோடுகளில் கண் சராசரியாக 94 புள்ளி வரை பிரிக்கிறது என்றார்கள். அப்படியானால் 0.13-க்குப் பதில் 0.2 என்று வைத்துக்கொள்ளலாம், 55 இன்ச்சுக்குப் பதினோரு அடி ஆகிறது. ஆனால் அது அசையாத கோட்டை உற்றுப் பார்க்கும்போது. ஓடுகிற படத்தில், அதுவும் கையில் முறுக்குத் தட்டை வைத்துக்கொண்டு பார்க்கும்போது, அவ்வளவு நுணுக்கம் யாருக்கும் பிடிபடாது.

ஆகவே நான் சொல்வது: முதல் கணக்கில் (0.13) வரும் அடிக்குள் உட்கார்ந்தால் 4கே கண்ணுக்குத் தெரியும், இரண்டாவது கணக்கில் (0.2) வரும் அடியைத் தாண்டிவிட்டால் காசு கொடுத்ததற்கு ரசீது மட்டும்தான் மிச்சம், நடுவில் இருந்தால் அவரவர் கண்ணாடி பவரைப் பொறுத்தது. ஒரு டேப் எடுத்து அளந்துவிடுங்கள். நம் ஊர் ஹாலில் சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டு எதிர்ச் சுவரில் டிவியை மாட்டுவோம், ஒன்பது பத்து அடி வந்துவிடும், அந்தத் தூரத்தில் 43 இன்ச் 4கேவும் 43 இன்ச் ஃபுல் எச்டியும் கண்ணுக்கு ஒன்றுதான்.

அப்போ பெரிசா வாங்கணுமா?

ஆமாம், காசைப் போடுவதானால் அளவில் போடுங்கள். என் பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆவதற்கு முன்னால் 4கேயாவது ஒன்றாவது, முகம் பெரிதாகத் தெரிந்தால் போதும் என்றிருந்தார். 50 இன்ச்சுக்கு மேல் போனால் இன்றைக்குக் கடையில் இருப்பது அநேகமாக எல்லாமே 4கேதான், அதனால் அங்கே 'வேண்டுமா வேண்டாமா' என்ற கேள்வியே எழாது, தானாக வந்துவிடும். கேள்வி உண்மையில் 43 இன்ச்சில்தான் இருக்கிறது, அங்கேதான் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். 32 இன்ச்சில் 4கே தேடாதீர்கள். வரியில்கூட முன்பு 32 இன்ச்சுக்கு மேல் போனால் 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது, 2025 செப்டம்பர் 22-லிருந்து எல்லா அளவுக்கும் 18 சதவீதம் ஆகிவிட்டது.

எங்க வீட்ல கேபிள்தான். 4கே டிவி வாங்கினா படம் பளிச்சுனு ஆகிடும்ல?

இங்கேதான் என் கதை வருகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊரில் அப்பா அம்மாவுக்கு 55 இன்ச் 4கே டிவி ஒன்று வாங்கி மாட்டிவிட்டு, பெருமையாகத் திரும்பி வந்தேன். ஒரு வாரத்தில் அப்பா போன் செய்தார். "டிவி பெரிசாத்தான் இருக்கு. ஆனா செய்தி வாசிக்கிற பொண்ணு மூஞ்சி பழைய டிவியிலதான்டா நல்லா இருந்துச்சு." எனக்குக் கோபம் வந்தது. பொங்கலுக்குப் போய்ப் பார்த்தால் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. முகம் மெழுகு பொம்மை மாதிரி வழவழவென்று, ஓரமெல்லாம் கரகரவென்று, கீழே ஓடும் எழுத்து பிசிறடித்துக்கொண்டு.

காரணம் ரொம்ப எளிது. சாதாரண எஸ்டி சேனல் அதிகபட்சம் 720-க்கு 576, நான்கு லட்சம் சொச்சம் புள்ளி. டிவிக்கு வேண்டியது 83 லட்சம். ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு இருபது புள்ளியை டிவி தானாக ஊகித்து நிரப்ப வேண்டும். இரண்டு பேருக்குக் கரைத்த மாவில் நாற்பது பேருக்குத் தோசை வார்க்கச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. பழைய 32 இன்ச்சில் அதே படம் சின்னதாகத் தெரிந்ததால் குறை மறைந்திருந்தது, 55-க்கு இழுத்ததும் அம்பலமாகிவிட்டது. விலை கூடிய டிவிகளில் இந்த ஊகிக்கிற வேலையை நல்ல சிப் செய்யும், மலிவான 4கே டிவியில் ரொம்பச் சுமாராக இருக்கும்.

போதாக்குறைக்கு, மாட்ட வந்தவர் செட் டாப் பாக்ஸை மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயரில் இணைத்துவிட்டுப் போயிருந்தார். நானும் கவனிக்கவில்லை. எச்டி பாக்ஸ் மாற்றி, எச்டிஎம்ஐ ஒயர் போட்டு, அம்மா பார்க்கும் நான்கைந்து சேனல்களை எச்டியாக எடுத்ததும்தான் அப்பா சமாதானம் ஆனார். சன் டிவி எச்டி 2011-லேயே வந்துவிட்டது, இத்தனை வருஷம் கழித்தும் ஏராளமான வீடுகளில் 4கே டிவிக்குள் எஸ்டிதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

எச்டி சேனலே 1920-க்கு 1080-தான் என்பதை மறந்துவிடாதீர்கள். 4கே ஒளிபரப்பு நம் ஊரில் அவ்வப்போது எட்டிப் பார்த்தது, 2015-ல் உலகக் கோப்பை கிரிக்கெட் சமயத்தில் டிடிஎச் நிறுவனங்கள் 4கே பாக்ஸ் என்று தடபுடல் செய்தார்கள், அப்புறம் பேச்சு அடங்கிவிட்டது. தினமும் சீரியலும் செய்தியும்தான் என்றால் 4கேவுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

நாங்க ஓடிடிதான் பார்க்கிறோம். எங்களுக்கு?

உங்களுக்கு அர்த்தம் இருக்கிறது, ஆனால் அங்கேயும் ஒரு முடிச்சு. நெட்ஃபிளிக்ஸில் 4கே வேண்டுமானால் மாதம் 649 ரூபாய் பிரீமியம் திட்டம் எடுக்க வேண்டும், 199 ரூபாய்த் திட்டத்தில் 1280-க்கு 720-தான், 499-ல் ஃபுல் எச்டி. (நான் எழுதும்போது இருக்கும் விலை இது.) நான்கு பேர் சேர்ந்து பாஸ்வேர்டு பகிர்ந்த பொற்காலமும் முடிந்துவிட்டது. யூடியூபில் 4கே இலவசம், உண்மையைச் சொன்னால் நான் பார்த்த நல்ல 4கே படங்களில் பாதி யாரோ மழையில் மூணாறு ரோட்டில் நடந்து எடுத்த வீடியோக்கள்தான். கிரிக்கெட்டில் 2023 ஐபிஎல்லை ஜியோசினிமா 4கேயில் காட்டியது, அப்போது நன்றாகவே இருந்தது.

இணையம் எவ்வளவு வேகம் வேணும்?

நெட்ஃபிளிக்ஸ் கேட்பது விநாடிக்கு 15 மெகாபிட் (பேச்சில் 15 எம்பி). 25 வைத்துக்கொண்டால் நிம்மதி. ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை இழுக்கும், தினம் மூன்று மணி நேரம் என்றால் மாதம் 630 ஜிபி. ஃபைபர் இணைப்பில் இது பொருட்டே இல்லை, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்கள் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். ரௌட்டர் படுக்கையறையிலும் டிவி ஹாலிலும் இருந்து நடுவில் இரண்டு சுவர் இருந்தால் திட்டம் 100 எம்பி என்றாலும் டிவிக்கு வந்து சேருவது பத்தோ பன்னிரண்டோதான். முடிந்தால் ஒயரை இழுத்து டிவியில் சொருகுங்கள்.

தமிழ்ப் படமெல்லாம் 4கேயிலயா எடுக்கறாங்க?

கேமரா 4கேவோ அதற்கு மேலோ இருக்கும். ஆனால் எடிட்டிங், கலர், கிராஃபிக்ஸ் முடித்துக் கடைசிப் பிரதியை மாஸ்டர் செய்வது பல வருஷங்களாக 2கேயில்தான் (கிட்டத்தட்ட ஃபுல் எச்டி அளவு) நடந்து வந்தது, கிராஃபிக்ஸை 4கேயில் செய்தால் செலவும் நேரமும் ஏறும் என்பதால். அந்தப் படத்தை 4கே என்று போட்டாலும் அது நீட்டிய 2கேதான். விநோதம் என்னவென்றால் ஃபிலிமில் எடுத்த பழைய படத்தின் நெகட்டிவ் நன்றாக இருந்தால் அதை மறுபடி ஸ்கேன் செய்து உண்மையான 4கே ஆக்கலாம். 2004-ல் வந்த கில்லி 2024 ஏப்ரலில் 4கே ஆக்கப்பட்டுத் திரும்பத் தியேட்டருக்கு வந்தது.

எச்டிஆர்னு போட்டிருக்கே, அது என்ன?

என்னைக் கேட்டால் 4கேவை விட இதுதான் முக்கியம். புள்ளி எத்தனை என்பது 4கே, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பிரகாசமாகவும் எவ்வளவு இருட்டாகவும் போக முடியும் என்பது எச்டிஆர். ராத்திரிக் காட்சியில் அகல்விளக்குச் சுடர் தகதகவென்றும் பக்கத்தில் இருட்டு இருட்டாகவும் இருந்தால் பத்தடி தூரத்திலிருந்தும் தெரியும், கண்ணாடி போடாதவருக்கும் தெரியும்.

ஆனால் பெட்டியில் 'எச்டிஆர் 10' என்று ஒட்டியிருப்பதை நம்பாதீர்கள். அந்தச் சிக்னலை டிவி வாங்கிக்கொள்ளும் என்றுதான் அதற்கு அர்த்தம், காட்ட முடியும் என்று இல்லை. பிரகாசத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். மலிவு டிவிகள் 250, 300 நிட்ஸில் நின்றுவிடும், அதில் எச்டிஆர் போட்டால் படம் சாதாரணத்தை விட மங்கலாகத் தெரியும், அமுதசுரபி என்று எழுதிய காலிப் பாத்திரம். 600-க்கு மேல் இருந்தால்தான் கொஞ்சமாவது மரியாதை. பின்னால் இருக்கும் விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் லோக்கல் டிம்மிங் இருக்கிறதா என்றும் கேளுங்கள், விற்பனைக்காரர் முழித்தால் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கியூஎல்இடி, ஓஎல்இடி, மினி எல்இடி?

கியூஎல்இடி என்பது சாதாரண எல்இடி டிவியில் நிறம் நன்றாக வர ஒரு படலம் சேர்த்தது. பெயர்தான் ஓஎல்இடி மாதிரி ஒலிக்கிறது, சொந்தமில்லை. மினி எல்இடியில் பின்விளக்குகள் பொடிப்பொடியாக நிறைய இருக்கும், அதனால் இருட்டு நன்றாக வரும். ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும், கறுப்பென்றால் கறுப்பு. விலையும் கறுப்புதான். ஒரே இடத்தில் சேனல் லோகோ வருஷக்கணக்கில் நின்றால் தழும்பு விழ வாய்ப்புண்டு, நாள் முழுக்கச் செய்தி ஓடும் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். ஹாலில் பகலில் ஜன்னல் வெளிச்சம் அடித்தால் மினி எல்இடி.

அந்தக் காசுக்கு 8கே வாங்கிடலாமே?

வேண்டாம். 3 கோடியே 30 லட்சம் புள்ளி, போடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. ஜப்பானில் என்எச்கே 2018 டிசம்பர் 1-ல் 8கே சேனல் ஆரம்பித்தது, மற்ற நாடுகளில் அதைப் பார்த்து யாரும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கவில்லை. 75 இன்ச் 8கேவுக்கும் 4கேவுக்கும் வித்தியாசம் காண ஐந்தடிக்குள் உட்கார வேண்டும், கண் ரொம்பக் கூர்மை என்றாலும் ஏழரை அடிக்குள்.

இப்போ இருக்கிற ஃபுல் எச்டி டிவி நல்லாத்தான் ஓடுது, மாத்தணுமா?

ஓடுகிறதல்லவா, விடுங்கள். ஆப் எல்லாம் திணறுகிறது, அப்டேட் வரவில்லை என்றால் பின்னால் சொருகும், ஓடிடி ஆப் ஓட்டும் ஸ்டிக் ஒன்று வாங்குங்கள், டிவிக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் '4கே ஸ்டிக்' வாங்கினால் டிவி 4கே ஆகிவிடும் என்று என் மைத்துனர் மாதிரி எதிர்பார்க்காதீர்கள்.

கரண்ட் பில்?

55 இன்ச் 4கே டிவி தோராயமாக 120 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், தினம் ஐந்து மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 36 யூனிட். 32 இன்ச்சில் 15 யூனிட் போல ஆகும். மின்வாரியம் கொடுக்கும் 100 யூனிட் இலவசத்தில் மூன்றில் ஒரு பங்கை டிவியே தின்றுவிடும். 480 யூனிட்டில் ஊசலாடிக்கொண்டிருக்கும் வீடு என்றால் கவனம், 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும்.

பையன் கேம் ஆடுவான், நானும் கம்ப்யூட்டரை மாட்டுவேன்.

அப்படியானால் முதலில் சொன்ன தூரக் கணக்கை மறந்துவிட்டு 4கே வாங்குங்கள். 43 இன்ச்சை மேசையில் வைத்து மூன்றடியில் எழுத்துப் படிப்பவருக்கு வித்தியாசம் முதல் நிமிஷமே தெரியும். பிளேஸ்டேஷன் 5 இருந்தால் 120 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 120 படம் காட்டும்) பேனலும் எச்டிஎம்ஐ 2.1 துளையும் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு துளையில் ஒன்றோ இரண்டோதான் 2.1-ஆக இருக்கும்.

கடையில எதைப் பார்க்கணும்?

கடையில் ஓடும் மயில் தோகை, பழத்தட்டு, ஐஸ்லாந்து அருவி எல்லாம் அதற்கென்றே எடுத்த வீடியோ, எந்த டிவியிலும் அழகாகத்தான் இருக்கும். கடை மோடில் வெளிச்சமும் நிறமும் உச்சத்தில் இருக்கும். ஒரு பென்டிரைவில் நீங்கள் நன்றாகப் பார்த்த படத்தின் ராத்திரிக் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள், மோடை 'சினிமா' என்று மாற்றச் சொல்லுங்கள், வீட்டில் எத்தனை அடியோ அத்தனை அடி தள்ளி நின்று பாருங்கள். கேபிள் வீடு என்றால் ஒரு எஸ்டி சேனல் போடச் சொல்லுங்கள், அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து நிறம் வெளிறுகிறதா என்றும் பாருங்கள், வீட்டில் எல்லாரும் நேர் எதிரே உட்காருவதில்லை.

புது டிவில சினிமா போட்டா சீரியல் மாதிரி இருக்கே?

மோஷன் ஸ்மூத்திங். சினிமா விநாடிக்கு 24 படம், நடுவில் இல்லாத படங்களை டிவி தானாகப் போட்டு வழவழப்பாக்குகிறது. கிரிக்கெட்டுக்கு இருக்கட்டும், சினிமாவுக்கு அணைத்துவிடுங்கள். 2018-ல் டாம் குரூஸே இதை அணைக்கச் சொல்லி வீடியோ போட்டார். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயரில் ஒளித்து வைத்திருக்கும், பிக்சர் மெனுவில் 'மோஷன்' என்று இருப்பதைத் தேடுங்கள்.

பெட்டி வந்து இறங்கியதும்?

டெலிவரி ஆள் முன்னாலேயே பிரித்து, ஆன் செய்து, முழு வெள்ளை, முழு கறுப்புத் திரை போட்டுப் பாருங்கள், கோடோ புள்ளியோ இருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும். பேனல் உடைந்தால் வாரண்டி கிடையாது. எச்டிஎம்ஐ செட்டிங்கில் 'என்ஹான்ஸ்டு' என்றோ அது மாதிரியோ ஒன்று அணைந்தே இருக்கும், அதை ஆன் செய்யாவிட்டால் பல டிவிகளில் வெளியிலிருந்து வரும் 4கே எச்டிஆர் ஓடாது. சவுண்டுக்குத் தனியாக ஒரு சவுண்ட்பார் பட்ஜெட்டில் ஒதுக்குங்கள், ஒல்லி டிவிக்குக் குரல் கிடையாது. அப்புறம், மாட்டும்போது சுவருக்கும் டிவிக்கும் நடுவில் பல்லி குடியேறும் இடம் விடாதீர்கள் என்று சொல்ல ஆசைதான், அது நம் கையில் இல்லை.

நீ என்ன டிவி வெச்சிருக்கே?

2016-ல் வாங்கிய 43 இன்ச் ஃபுல் எச்டி. சோபா ஒன்பது அடியில். பின்னால் ஒரு ஸ்டிக் தொங்குகிறது, ரிமோட்டில் வால்யூம் பட்டன் மட்டும் தேய்ந்துவிட்டது. மனைவி இரண்டு ஆடித் தள்ளுபடியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், 65 இன்ச் மினி எல்இடி ஒன்றைப் பார்த்தும் வைத்திருக்கிறோம், சுவரில் அந்த அளவுக்குச் செய்தித்தாளைக் கூட ஒட்டிப் பார்த்தாயிற்று. ஷோகேஸைக் கழற்றாமல் அது உள்ளே போகாது என்பதில் விஷயம் நிற்கிறது.